ஆடுகளத்தில் விருந்தாளி

சில ஆண்டுகளுக்கு முன், மே மாத விடுமுறையில், பங்கு இளைஞர் சிலருடன் கொடைக்கானலுக்குச் சென்றிருந்தோம். ஏரியையும் தூண்பாறையையும் பார்த்து முடித்த பின், கூட்டமில்லாத இடம் எதையேனும் பார்க்கவேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். வேன் ஓட்டுநர் உள்ளூர்க்காரர். பூம்பாறைக்கும் அப்பால், மேல்மலைப் பகுதியில் பளியர் குடும்பங்கள் சில வாழும் ஒரு சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். அன்று அங்கே ஒரு குடும்ப விழா. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேளமும் குழலும் ஒலிக்க, ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். நம்மைக் கண்டு எவரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு மூதாட்டி, உட்காருங்கள் என்பது போலக் கையசைத்தார்.

சிறிது நேரம் உட்கார்ந்திருந்தோம். பின்னர் நம் இளைஞர் இருவர் எழுந்து வட்டத்துக்குள் புகுந்தார்கள். சீழ்க்கை அடித்தார்கள், திரைப்படத்தில் கண்ட அடிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஒருவன் கைப்பேசியை ஆடுபவர்களின் முகத்தருகே நீட்டிப் படம் பிடித்தான். மற்றொருவன் ஒரு பெண்ணின் கையைப் பற்றி நடுவே இழுத்தான். யாரும் தடுக்கவில்லை. யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் ஆடியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வட்டத்தைவிட்டு விலகினார்கள். மேளம் இன்னும் சிறிது ஒலித்து ஓய்ந்தது. ஆட்டம் முடிந்துவிட்டது என்று எண்ணிக் கைதட்டினோம். கொஞ்சம் பணம் திரட்டி அங்கிருந்த பெரியவர் கையில் கொடுத்தோம். அவரும் வாங்கிக்கொண்டார். நல்லது செய்த மனநிறைவோடு வண்டி ஏறினோம்.

பாதி வழியில் ஓட்டுநர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஆட்டம் முடியலீங்க ஐயா. நாம வண்டி ஏறினதும் மறுபடி தொடங்கியிருப்பாங்க."

அந்தச் சொல் நம்மைவிட்டு அகலவில்லை. அன்று நாம் செய்தது என்ன? ஏதோ நாகரிகக் குறைவு, ஊர் முறை தெரியாததால் நேர்ந்த பிழை என்று விட்டுவிடலாமா? அல்லது ஒப்புரவுத் தொட்டியில் சொல்லவேண்டிய ஒன்றா? நடத்தை முறைகள் என்று உலகம் சொல்லும் சிறு சிறு வழக்கங்களுக்கும் அறத்துக்கும் உண்மையில் தொடர்பு உண்டா? இந்தக் கேள்விகளை நாம் அன்று எழுப்பிக்கொண்டோம். விடை வேறொரு திசையிலிருந்து வந்தது.

நம் தங்கை மகன் மாட்ரிட் நகரில் கணினி நிறுவனமொன்றில் பணிபுரிகிறான். சென்னையில் இருந்த நாளிலேயே சால்சா என்னும் இணை நடனத்தைப் பயின்றவன். பணி நிமித்தம் எந்த ஊருக்குச் சென்றாலும், அங்கே சால்சா ஆடும் அரங்கு எங்கே என்று விசாரித்துச் செல்வது அவன் வழக்கம். விடுமுறையில் வந்தவனோடு கொடைக்கானல் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, மலையூரில் நடந்ததைச் சொன்னோம். அவன் நகைப்பான் என்று எதிர்பார்த்தோம். ஆனால் அவன் முகம் வாடியது. "மாமா, இதே தவற்றை நான் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு செய்திருக்கிறேன்" என்றான்.

அவன் கதைக்குள் போவதற்குமுன், நம் வாசகர் உள்ளத்தில் எழும் ஒரு தயக்கத்துக்கு விடை கூறவேண்டும். கும்மியும் கோலாட்டமும் ஒயிலாட்டமும் கண்டு வளர்ந்தவர்கள் நாம். அவற்றில் ஆடுவோர் ஒருவரை ஒருவர் தழுவுவதில்லை. அறிமுகமற்ற ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடும் நடனத்தைக் கிறிஸ்தவ இதழில் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். இந்தக் கேள்வி திருச்சபைக்குப் புதிதன்று. 1818-இல் ஆர்ஸ் என்னும் சிற்றூருக்குப் பங்குக் குருவாக வந்த புனித ஜான் மரிய வியான்னி, அங்கிருந்த நடனக் கூட்டங்களுக்கு எதிராகக் கடுமையாகப் பேசியவர். அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குமுன், 1609-இல் வெளிவந்த தம் பக்தி வாழ்வு நூலில், புனித பிரான்சிஸ் சலேசியார் சற்று வேறு விதமாக எழுதினார். நடனம் தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. ஆயினும் அது காளானைப் போன்றது, மிகச் சிறந்ததும் பெரிதாகப் பயனுடையதன்று, உண்பதானால் சிறிதளவே, பக்குவம் அறிந்து உண்ணவேண்டும் என்பது அவர் கருத்து. மழைக்குப்பின் இம்மலையில் முளைக்கும் காளான்களில் உண்ணத்தக்கது எது, நஞ்சு எது என்று மலைமக்கள் பிரித்தறிவது போல, ஆட்டத்திலும் பிரித்தறியும் பொறுப்பை அவர் நம்மிடமே விட்டார் எனலாம். அந்தப் பக்குவம் என்ன என்பதே நம் ஆராய்ச்சி.

சால்சா ஒரே ஊரில் பிறந்த நடனமன்று. கியூபாவின் கிழக்குப் பகுதியில் வளர்ந்த சோன் என்னும் இசையில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் தாளமும் ஸ்பானியரின் நரம்பிசையும் கலந்தன. அது நியூயார்க் நகரம் சென்று, அங்கே குடியேறிய போர்ட்டோ ரிக்கோ மக்களின் கையில் புதுவடிவம் கொண்டது. 1964-இல் தொடங்கப்பட்ட ஃபானியா என்னும் இசைத்தட்டு நிறுவனம், 1970களில் அதனை உலகெங்கும் பரப்பியது. சால்சா என்ற ஸ்பானியச் சொல்லுக்குக் குழம்பு என்று பொருள். குழம்பைப் போலவே அது ஊருக்கு ஒரு பக்குவம் கொண்டது. கியூபாவில் இணைகள் ஒருவரையொருவர் சுற்றி வட்டமாக ஆடுவர். கொலம்பியாவின் காலி நகரில் கால்கள் மின்னல்போல் விரைந்தாடும். லாஸ் ஏஞ்சலஸ் முறையில் முதல் தாளத்தில் அடி திரும்பும். நியூயார்க் முறையில் இரண்டாம் தாளத்தில். ஆகவே, வகுப்பில் கற்ற ஒருவன் கடல் கடந்து வேறோர் ஊர் அரங்கில் நுழையும்போது, அவன் பெயரளவில் மட்டுமே அதே நடனத்தை அறிந்தவன். அவ்வூர் மொழியைப் புத்தகத்தில் மட்டும் படித்தவனின் நிலை அவனுக்கு.

இந்த நிலையறியாமல்தான் நம் மருமகன் இடறினான். மாட்ரிட்டில் தென்னமெரிக்க மக்கள் பெருந்தொகையினர். அவர்கள் கூடும் ஓர் அரங்கில், வயதில் மூத்த கொலம்பியப் பெண்மணி ஒருவரை ஆட அழைத்தான். அவரும் வந்தார். அவருடைய அடிகள் இவன் வகுப்பில் கற்ற கணக்குக்கு ஒத்துவரவில்லை. ஆட்டத்தின் நடுவிலேயே நிறுத்தி, இப்படி ஆடவேண்டும் என்று அவருக்குக் கற்பிக்கத் தொடங்கினான். அவர் வாதாடவில்லை. புன்னகையோடு, தம் தாய் அடுப்படியில் வைத்துத் தமக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான் என்று மட்டும் சொன்னார். பாடல் முடிந்ததும் நன்றி கூறித் தம் இடத்துக்குச் சென்றுவிட்டார். அதன்பின் அன்றிரவு இவன் அழைத்த யாரும் வரவில்லை. "அவர்கள் என்னைத் தண்டிக்கவில்லை மாமா. அந்த மலையூர்க்காரர்களைப் போல மெல்ல விலகிக்கொண்டார்கள், அவ்வளவுதான்" என்றான்.

பிறகு அவன் பொறுமையாக அந்த அரங்குகளின் வழக்கங்களைக் கற்றான். அவன் கூறியவற்றைக் கேட்கக் கேட்க, அவை சிறு விதிகளாகத் தோன்றவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் அறம் படிந்திருந்தது.

முதலாவது, அழைக்கும் முறை. கையைப் பற்றி இழுப்பது கூடாது. எதிரே நின்று, கண்ணைப் பார்த்து, ஆடலாமா என்று கேட்கவேண்டும். கூட வந்தவர் ஒருவர் இருந்தால் அவரையும் மதித்து ஒரு சொல் கூறவேண்டும். சில ஊர்களில் பெண்களே முன்வந்து அழைப்பர். சில ஊர்களில் அது வழக்கமில்லை. புதிதாக வந்தவன் முதலில் உட்கார்ந்து இதையெல்லாம் கவனிக்கவேண்டும். சால்சாவுக்கு உறவான டாங்கோ நடனத்தில், பியூனஸ் அயர்ஸ் நகரத்தார் இன்னும் நுட்பமான முறை ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஆடவர் தொலைவிலிருந்தே பார்வையால் கேட்பார். பெண் விரும்பினால் தலையசைப்பார், விரும்பாவிடில் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். கேட்டதும் மறுத்ததும் மூன்றாமவர் எவருக்கும் தெரியாது. கேட்டவருக்கும் தலைகுனிவு இல்லை, மறுத்தவருக்கும் தர்மசங்கடம் இல்லை. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குக் கண்ணோட்டம் என்று பெயரிட்டார். பிறர்மேல் ஓடும் கண்ணில் இரக்கம் இருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. ஒருவர் மறுப்பதற்கான வழியைத் திறந்துவைத்தே அவரிடம் கேட்பதும் கண்ணோட்டத்தில் சேரும் என்று நமக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, மறுப்பை ஏற்கும் முறை. மறுத்தவர் காரணம் சொல்லத் தேவையில்லை. கால் வலிக்கலாம், அந்தப் பாடல் பிடிக்காமல் இருக்கலாம், வெறுமனே மனமில்லாதிருக்கலாம். கேட்டவன் நன்றி கூறி நகரவேண்டும். திரும்பத் திரும்பக் கேட்பதும், முகத்தைத் தொங்கப்போடுவதும் கொடுக்காத கடனை வசூலிப்பதற்கு ஒப்பாகும்.

இங்கே நாம் அவனிடம் ஒரு கடினமான கேள்வியைக் கேட்டோம்: "உன் நிறத்தைப் பார்த்து மறுத்தால்?" அவன் உடனே விடை சொல்லவில்லை. ஏரியைச் சுற்றிய பாதையில் சிறிது தூரம் நடந்த பிறகு, "சில நேரம் அதுவாகத்தான் இருக்கும். எது அது, எது அதில்லை என்று எனக்குத் தெரியாது. அதுதான் வலிக்கிறது" என்றான்.

இதை எளிதாகக் கடந்துபோக நமக்கு மனம் வரவில்லை. தனி மனிதர் எவரும் எவருக்கும் ஓர் ஆட்டத்தைக் கடன்பட்டவர் அல்லர். தம் உடலையும் கையையும் யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்யும் உரிமை ஒருவரிடமிருந்து பறிக்கப்படுமானால், அங்கே நடனம் செத்துவிடும். ஆனால் கூடியிருக்கும் அவை முழுவதும் வேற்று நாட்டானை ஓர் இரவெல்லாம் சுவரோரம் நிற்கவிட்டால், தனித்தனியே எவரையும் குற்றம் சாட்ட முடியாவிட்டாலும், அவை குற்றமுள்ளது. மறுக்கும் உரிமை தனியாளுக்கு உண்டு. விருந்தோம்பும் கடமை அவைக்கு உண்டு. இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. அதனால்தான் நல்ல அரங்குகளில், அவ்வூர்க்காரருள் மூத்தோர் சிலர், புதியவரைத் தாமே தேடிச்சென்று முதல் ஆட்டத்துக்கு அழைப்பதைத் தம் பொறுப்பாகக் கொள்கிறார்கள். நம் பங்குக் கோவில்களில் புதிதாக வந்த குடும்பம் கடைசி வரிசையில் நின்று, திருப்பலி முடிந்து, யாரும் ஒரு சொல் கேட்காமல் வீடு திரும்புவது எத்தனை முறை நடக்கிறது! அங்கே குற்றவாளி யார்? ஒருவரும் இல்லை, நாம் அனைவருமே.

மூன்றாவது, ஆடும்போது நடந்துகொள்ளும் முறை. கேட்காமல் கற்பிக்கலாகாது. இணையைச் சாய்ப்பது, தூக்குவது போன்றவற்றை அவர் இசைவின்றிச் செய்யலாகாது. நெருக்கமான களத்தில் அடியைச் சிறிதாக வைக்கவேண்டும். யார்மீதேனும் இடித்துவிட்டால், தவறு யாருடையது என்று பாராமல் இருவருமே பொறுத்தருளக் கேட்கவேண்டும். வியர்வை படிந்தால் மாற்றிக்கொள்ள ஒரு சட்டை கொண்டுசெல்லவேண்டும். ஒன்றிரண்டு பாடல்களுக்குப்பின் நன்றி கூறி அவரை விடுவிக்கவேண்டும். இந்த நடனத்தில் ஒருவர் வழிநடத்துகிறார், மற்றவர் பின்தொடர்கிறார். வழிநடத்துபவர் தள்ளுவதில்லை, கையால் ஒரு குறிப்புத் தருகிறார். அந்தக் குறிப்பை ஏற்பதும் ஏற்காததும் மற்றவர் கையில். ஏற்காவிட்டால் வழிநடத்துபவர் தம் அடியை மாற்றிக்கொள்கிறார். அதிகாரம் என்பதை அடக்கியாள்வதாகவே கண்டு பழகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. சீடரின் காலடியில் மண்டியிட்ட ஆண்டவரும் தலைமைக்கு இந்தப் பொருளையே தந்தார்.

இத்தனை வழக்கங்களையும் ஒரே சொல்லில் அடக்க முடியுமா என்று எண்ணிப்பார்த்தபோது, விடை மீண்டும் பளியரிடமே இருந்தது. இம்மக்களைப்பற்றி 1908-இலேயே, இயேசு சபைக் குரு டாமன், ஆந்த்ரோபோஸ் என்னும் ஆய்விதழில் எழுதினார். பின்னர் 1960களின் தொடக்கத்தில், பீட்டர் கார்ட்னர் என்னும் அமெரிக்க மானிடவியலார் தமிழகத்து மலைகளில் பளியருடன் தங்கி ஆராய்ந்தார். அவர்கள் வாழ்வின் அச்சாணியாக அவர் கண்டது ஒரு சொல்லை: தரக்குறைவு. ஒருவரை அவருடைய மட்டத்திலிருந்து கீழே இறக்குதல் என்பது பொருள். கணவன் மனைவியைத் தரக்குறைவாக நடத்தலாகாது. பெரியவர் குழந்தையைக்கூட அவ்வாறு நடத்தலாகாது. யாரேனும் அப்படி நடத்தினால், அவர்கள் பெரும்பாலும் திருப்பி அடிப்பதில்லை. அந்த இடத்தைவிட்டு விலகிப் போய்விடுகிறார்கள்.

இதைப் படித்தபோதுதான் அந்த மாலையில் நாம் கண்டது என்ன என்பது விளங்கியது. நாம் அமைதி என்று நினைத்தது இசைவன்று. முகம் சுளிக்காததை வரவேற்பாகவும், வாய் திறவாததைச் சம்மதமாகவும், பணத்தை வாங்கிக்கொண்டதை நன்றியாகவும் படித்துவிட்டோம். வேனில் வந்து இறங்கும் கூட்டத்தின்முன் அந்தப் பெரியவர் வேறென்ன செய்திருக்க முடியும்? வலியவரிடம் இல்லை என்று சொல்ல முடியாதவர், இல்லை என்பதைக் காலால் சொல்கிறார். அதைக் கேட்கும் காது வலியவருக்கு வேண்டும். பிழை எங்கே இருந்து அறக்குற்றமாகிறது என்ற நம் கேள்விக்கு, இதுவே விடை. ஊர் முறை தெரியாதது அறியாமை, அது மன்னிக்கத்தக்கது. ஆனால் தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்று எண்ணியது, எதிரே நிற்பவரை நம்மைவிடத் தாழ்ந்தவராகக் கண்டதால் வந்தது. அது பாவத்தின் வாசற்படி.

பயணம் செல்வோர்க்கு இயேசுவே ஒழுங்குமுறை வகுத்திருக்கிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில், தம் சீடரை இருவர் இருவராக அனுப்பும்போது, நுழையும் வீட்டுக்கு முதலில் சமாதானம் கூறவும், தரப்படுவதை உண்ணவும், வீடு வீடாகத் தாவாதிருக்கவும் அவர் பணிக்கிறார். மீட்பின் செய்தியைச் சுமந்து செல்பவரும் அடுத்தவர் வீட்டில் விருந்தாளியே. பதினான்காம் அதிகாரத்தில், விருந்துக்குச் சென்றவர் தாமாக முதலிடத்தில் அமர்வதைச் சுட்டிக்காட்டி, கடைசி இடத்தில் அமரச் சொல்கிறார்; மேலே வரச் சொல்வது வீட்டுக்காரர் வேலை. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, நம் உணவையும் உடையையும் மொழியையும் முதலில் கற்றபிறகே பேசத் தொடங்கினார்.

நாமோ இம்மலைக்கே விருந்தாளிகள். 1845-இல் மதுரையிலிருந்து அமெரிக்க மறைப்பணியாளர் உடல்நலம் தேடி இங்கே வந்து வீடு கட்டினர். 1863-இல் மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். 1895-இல் செண்பகனூரில் இயேசு சபையார் திருஇருதயக் கல்லூரியை நிறுவினர். இவர்களுக்கெல்லாம் முன்பே பளியரும் புலையரும் குன்னுவரும் இங்கே இருந்தார்கள். இன்று ஒவ்வொரு கோடையிலும் ஆயிரமாயிரம் பேராக ஏறி வருகிறோம். மலை யாருடையது என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை.

ஒரு எச்சரிக்கையும் தேவை. பிறர் ஆட்டத்துக்குள் அத்துமீறி நுழைவது ஒரு தவறென்றால், பிறர் ஆட்டத்தை இகழ்ந்து பார்ப்பது மற்றொரு தவறு. உடன்படிக்கைப் பேழையின்முன் தாவீது தன்னை மறந்து ஆடியபோது, மீக்கால் பலகணி வழியாகப் பார்த்து உள்ளத்தில் இகழ்ந்தாள். அவள் ஓர் அடிகூடத் தவறாக வைக்கவில்லை. அவள் ஆடவே இல்லை. ஆயினும் விவிலியம் அவளைக் குறைகாண்கிறது. மருமகனின் நடனத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளில், நாமும் பலகணி ஓரத்தில்தான் நின்றோம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

அவன் விடுமுறை முடியுமுன் அந்தச் சிற்றூருக்கு மீண்டும் சென்றோம். இம்முறை அதே ஓட்டுநர் மூலம், விழா ஒன்று இருப்பதை அறிந்து, வரலாமா என்று முன்கூட்டியே கேட்டனுப்பினோம். வரலாம், ஆனால் படம் எடுக்கவேண்டாம் என்று பதில் வந்தது. கைப்பேசிகளை வண்டியிலேயே விட்டுச் சென்றோம். முன்பு கையசைத்த மூதாட்டியைத் தேடினோம், காணவில்லை. பணம் வாங்கிக்கொண்ட பெரியவர் இருந்தார். முன்பு நடந்ததற்காக மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்து, "குளிருது, தீப்பக்கமா உக்காருங்க" என்றார். மன்னித்தாரா என்று நமக்குத் தெரியாது.

மூன்று கண்டங்களில் ஆடிய நம் மருமகன், கால் தாளத்துக்குத் துடிக்க, எழாமல் உட்கார்ந்திருந்தான். எவரும் அவனை அழைக்கவில்லை. அவனும் அழைப்பை எதிர்பார்க்கவில்லை. ஆட்டம் நீண்டது, பனி இறங்கியது, குழந்தைகள் தாயர் மடியில் உறங்கினார்கள். ஒரு கட்டத்தில் மேளத்தின் நடை மாறியது. வட்டம் மெல்லச் சுருங்கி, ஆடியவர்கள் சிரித்தபடி ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள்.

அந்த ஆட்டம் எப்படி முடியும் என்பதை அன்றுதான் கண்டோம்.